பள்ளிக்கூடத்தைப் பூட்டுவதற்கு முன்

எங்கள் பள்ளியில் ஆண்டு முடியப்போகிறது என்பதைப் பிள்ளைகளின் விரல்களைப் பார்த்தே சொல்லிவிடலாம். முந்திரிக்கொட்டைத் தோலில் இருக்கும் பால் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்து, தோல் உரிந்திருக்கும். பங்குனி பிறந்த வாரத்தில் இரண்டு பேர் கையில் பார்ப்பேன், அடுத்த வாரம் ஐந்தாறு பேர் ஆகிவிடுவார்கள். அப்புறம் நார்த்தாமலைத் தேர் வரும். தேரன்று உள்ளூர் விடுமுறை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கோ காப்புக் கட்டிய நாளிலிருந்தே விடுமுறைதான்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி எங்களுடையது. ஒன்றிலிருந்து ஐந்து வரை 34 பிள்ளைகள். ஆசிரியர்கள் இரண்டே பேர், தலைமையாசிரியரும் நானும். இடைநிலை ஆசிரியராக எனக்கு இது பதினேழாவது ஆண்டு. முதல் ஏழெட்டு வருடம் ஏப்ரல் மாதம் எப்படிப் போனது என்று கேட்டால் எனக்கு நினைவே இல்லை. மதிப்பெண் பதிவேடு, தேர்ச்சிப் பதிவேடு, இருப்புப் பதிவேடு, வருகைக் கூட்டல் என்று தலையைக் கவிழ்த்தபடி உட்கார்ந்திருப்பேன். "சத்தம் போடாம படம் வரைங்க" என்று பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்துவிடுவேன். நிமிர்ந்து பார்த்தால் வகுப்பு காலியாக இருக்கும். மே மாதம் வீட்டில் உட்கார்ந்து யோசிக்கும்போதுதான், அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டோமே என்று உறைக்கும்.

இப்போது கணக்கை மாற்றிக்கொண்டேன். காகித வேலையை மாசியிலேயே தொடங்கிவிடுகிறேன். ஏப்ரல் பிள்ளைகளுக்கு. சொல்வதற்கு எளிதாக இருக்கிறது, செய்யப் பல வருடம் பிடித்தது.

தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2012ல் முப்பருவ முறை வந்ததிலிருந்து ஒரு வருடப் பாடத்தை மொத்தமாகச் சுமந்துகொண்டு போய்த் தேர்வு எழுதும் பாடு பிள்ளைகளுக்கு இல்லை. பொங்கல் முடிந்து ஒழுங்காகத் தொடங்கினால் மூன்றாம் பருவப் புத்தகம் மார்ச் கடைசியில் முடிந்துவிடும். 2025ல் வெயில் சீக்கிரமே ஏறிவிட்டதால் ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்குத் தேர்வை ஏப்ரல் 7ல் தொடங்கி 17க்குள் முடிக்கச் சொன்னார்கள். பிள்ளைகளுக்கு அத்தோடு விடுமுறை, நாங்கள் மட்டும் மாதக் கடைசி வரை வர வேண்டும். தேர்வு முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எதையெல்லாம் ஒத்திப்போட்டோமோ அதையெல்லாம் காலி வகுப்பில்தான் செய்ய வேண்டியிருக்கும். ஆகவே பிள்ளைகளோடு செய்ய வேண்டியது எதுவானாலும் தேர்வுக்கு முன்பே செய்துவிடுங்கள். தேர்வு முடிந்த மறுநாள் பாதிப் பேர் முந்திரிக் காட்டில் இருப்பார்கள், மீதிப் பேர் அம்மாச்சி வீட்டில்.

முதலில் டி.சி. கதையைச் சொல்லிவிடுகிறேன். இது என் தப்பு.

2019 ஏப்ரல். அப்போது மாற்றுச் சான்றிதழைக் கையால்தான் எழுதிக்கொண்டிருந்தோம். ஐந்தாம் வகுப்பில் பதினோரு பேர். கடைசி வேலை நாள், மாலை மூன்று மணி, கரண்ட் இல்லை. வாசலில் பெற்றோர் நிற்கிறார்கள். ஒரு பெண்ணின் பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறிவிட்டன. சேர்க்கைப் பதிவேட்டில் சரியாகத்தான் இருந்தது, நான்தான் சான்றிதழில் மாற்றி எழுதிவிட்டேன். தலைமையாசிரியரும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார், அப்பாவும் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனார். ஆறாம் வகுப்பில் அதைப் பார்த்து எழுதினார்கள், மாணவர் விவரம் ஏற்றும் அரசு இணையதளமான எமிஸிலும் அப்படியே ஏறியது.

ஐந்து வருடம் யாருக்கும் தெரியவில்லை. பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் தயாரிக்கும்போது ஆதாரில் ஒரு தேதி, பள்ளியில் ஒரு தேதி. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் அச்சாகும் தேதிதான் ஒருவருக்கு ஆயுசுக்கும் பிறந்த தேதி என்பதால் அங்கிருந்த ஆசிரியர் விடவில்லை, அது அவருடைய நல்ல குணம். அந்த அப்பா ஒரு திங்கட்கிழமை எங்கள் பள்ளி வாசலில் வந்து நின்றார். கொத்தனார் வேலைக்குப் போகிறவர். சேர்க்கைப் பதிவேட்டு நகல், பிறப்புச் சான்றிதழ், விண்ணப்பம், அலுவலகம் என்று அவருக்கு மூன்று நாள் கூலி போனது. என்னைத் திட்டவில்லை. "பரவால்ல டீச்சர், நீங்களும் மனுசங்கதானே" என்றார். திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

என் அப்பா தலைமுறையில் பாதிப் பேர் மே, ஜூனில் பிறந்தவர்களாக இருப்பார்கள். சேர்க்கிற அன்று ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும் என்பதற்காக வாத்தியார் போட்ட தேதி அது. அந்தக் காலத்தில் யாரும் அதைத் தட்டிக் கேட்கவில்லை. இப்போது ஆதார், வங்கிக் கணக்கு, சாதிச் சான்றிதழ், உதவித்தொகை எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஒன்றில் ஓர் எழுத்து பிசகினாலும் பிள்ளைதான் அலைய வேண்டும்.

அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். பிப்ரவரி கடைசியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அரைத்தாள் கொடுப்பேன். பதிவேட்டில் இருக்கிற தங்கள் விவரத்தை அவர்களே பார்த்து எழுதுவார்கள். முன்னெழுத்தோடு பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த தேதி, அங்க அடையாளம். அதை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டி, பெரியவர்கள் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிவர வேண்டும். முன்னெழுத்தைத் தமிழில் எழுதுவதால் வரும் சிக்கலையும் இதிலேயே பிடிக்கலாம். ஆதாரில் ஆங்கிலத்தில் 'எஸ்' என்று இருக்கும். அப்பா பெயர் சுப்பையா என்றால் இங்கே 'சு.' என்று வர வேண்டும். ஒரு பதிவேட்டில் 'சு.' என்றும் இன்னொன்றில் 'எஸ்.' என்றும் இருந்தால் இரண்டு ஆள் ஆகிவிடும்.

ஒரு வருடம் ஒரு பிள்ளை அந்தத் தாளைத் தன் அப்பத்தாவிடம் படித்துக் காட்டியிருக்கிறாள். மறுநாள் காலை மணி அடிப்பதற்கு முன்பே அந்த அம்மா வந்துவிட்டார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தாளை என் மேசையில் விரித்து, கண்ணாடி இல்லாமல் தூரப் பிடித்து, விரலை வைத்துப் படித்தார்.

"எட்டு, நாலுன்னு போட்டிருக்கு டீச்சர். எட்டாந்தேதி நாலாம் மாசம்னா பங்குனியில்ல வரும்? இவ ஆடிப்பெருக்குக்கு மறுநாளு பொறந்தவ. அன்னைக்குக் கட்டுன புளிச்சோறு மிச்சம் இருந்துச்சு, ஆஸ்பத்திரிக்கு அதத்தான் கொண்டு போனோம்."

பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். 04.08. நான்கு, எட்டு. பதிவேட்டில் யாரோ மாற்றி ஏற்றியிருந்தார்கள். இந்த முறை அது நானில்லை என்பதில் ஓர் அற்ப சந்தோஷம்கூட வந்தது, ஒப்புக்கொள்கிறேன். "எங்க படிச்சீங்க ஆத்தா?" என்று கேட்டேன். அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சாயங்காலம் விளக்கு வெளிச்சத்தில் எழுத்தும், பகலில் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவர். கையெழுத்துப் போடச் சொன்னால் முழுப்பெயரையும் எழுதி, கீழே ஒரு கோடும் இழுத்துவிட்டுப் போனார்.

அடுத்து, எல்லா ஆசிரியர்களுக்கும் பழக்கமான கேள்வி. "எம்புள்ள பாஸா பெயிலா டீச்சர்?"

தொடக்க வகுப்புகளில் யாரையும் நிறுத்தி வைப்பதில்லை, எல்லோரும் மேல் வகுப்புக்குப் போவார்கள். அதைச் சொன்னால் அப்பா முகம் மலர்ந்துவிடும், அத்தோடு பேச்சு முடிந்துவிடும். பிள்ளை இன்னும் இரண்டெழுத்துச் சொல்லில் திணறுகிறான் என்பதை எப்படிச் சொல்வது? 2022ல் அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்க எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பார்க்கிறோம். எங்களுக்கு அது உதவுகிறது. பெற்றோரிடம் "உங்க பையன் மொட்டு" என்றால் சிரிக்கிறார்கள். ஒருவர், "மூணாவது வந்தும் மொட்டாவே இருக்கானா?" என்று கேட்டார். அவர் கேட்டது சரியான கேள்விதான்.

எனக்குக் கைகொடுத்தது ஒரு பழைய பிளாஸ்டிக் உறை. ஜூன் மாதம் முதல் வாரத்தில் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரே ஒரு தாள் எழுதி வாங்குவேன். பத்துச் சொல் சொல்வதை எழுதுதல், நான்கு கணக்கு, அடியில் தனக்குப் பிடித்ததைப் பற்றி முடிந்த அளவு. திருத்த மாட்டேன். தேதி போட்டு உறைக்குள் வைத்துவிடுவேன். மார்ச் கடைசியில் அதே சொற்கள், அதே மாதிரிக் கணக்குகள், புதுத் தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெற்றோரிடம் காட்டினால் நான் பேசவே வேண்டியதில்லை. படிக்கத் தெரியாத அம்மாவுக்கும் தெரியும். ஜூனில் கோட்டுக்கு மேலும் கீழும் தொங்கிய எழுத்து மார்ச்சில் கோட்டில் உட்கார்ந்திருக்கும். இரண்டு தாளும் ஒரே மாதிரி இருந்தால் அதுவும் தெரியும். அப்போதுதான் "மே மாசம் என்ன செய்யலாம் டீச்சர்" என்ற கேள்வி அவர்கள் வாயிலிருந்து வரும்.

இந்தக் கூட்டத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தோடு சேர்த்து வைக்காதீர்கள். ஊரார் நடுவில் யாரும் தன் பிள்ளையின் குறையைக் கேட்க விரும்ப மாட்டார்கள். ஒருவருக்கு ஐந்து நிமிடம், தனியாக, வேப்பமரத்தடியில். நூறுநாள் வேலைக்குப் போகிறவர்கள் காலையில் வர முடியாது. சாயங்காலம் நாலரைக்கு மேல் வரச் சொன்னால் வருவார்கள்.

இனிச் சொல்லப்போவதுதான் புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது. ஆளுக்கு அரைப்பக்கம் குறிப்பு எழுதி வையுங்கள்.

இதற்கு முன் இருந்த பள்ளியிலிருந்து மாறுதல் கலந்தாய்வில் இங்கே வந்தபோது ஜூலை பிறந்துவிட்டது. எனக்கு முன்னால் இருந்த ஆசிரியர் வேறு ஒன்றியத்துக்குப் போய்விட்டார். அலமாரியில் பதிவேடுகள் அடுக்கு அடுக்காக இருந்தன, எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. எந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்பது மட்டும் எங்கும் இல்லை. மதிப்பெண் பதிவேட்டில் எல்லோருக்கும் 'அ' அல்லது 'ஆ'. யார் எங்கே நிற்கிறார்கள் என்று கண்டுபிடிக்க ஆடி, ஆவணி இரண்டு மாதம் போனது. ஒரு பையன் கரும்பலகையை ஏன் பார்க்கவே மாட்டேன் என்கிறான் என்று இரண்டு மாதம் அவனைக் கோபித்துக்கொண்டேன். அவனுக்குக் கண் தெரியவில்லை. முந்தைய ஆசிரியருக்கு அது தெரிந்துதான் இருந்தது, எப்போதும் முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார் என்று பிள்ளைகளே சொன்னார்கள். எழுதிவைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. இந்தப் பிள்ளைகளோடுதான் இருப்போம் என்று அவர் நினைத்திருப்பார். நாமும் அப்படித்தான் நினைப்போம். கலந்தாய்வு மே மாதம் நடக்குமா ஜூலையில் நடக்குமா, அதில் நம் பெயர் எங்கே போகும் என்பதெல்லாம் நம் கையில் இல்லை.

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். மார்ச் முதல் வாரத்திலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு பிள்ளை என்று எழுதினால் மாதத்துக்குள் முடிந்துவிடும். எதை எழுதுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. "நன்றாகப் படிப்பாள்", "கவனம் போதாது" என்பதெல்லாம் அடுத்தவருக்கு எதற்கும் ஆகாது. என் நோட்டிலிருந்து இரண்டு:

"கழித்தலில் கடன் வாங்கத் தெரியும். நடுவில் சுழி வந்தால் (302 - 147) நின்றுவிடுகிறாள். குச்சிக்கட்டு வைத்துச் செய்தால் வருகிறது, தாளில் வரவில்லை."

"ர, ற குழப்பம் இல்லை. ல, ள, ழ வாயில் சரியாக வருகிறது, எழுதும்போது எல்லாம் 'ல'. அதட்டினால் இரண்டு நாள் பள்ளிக்கு வர மாட்டான். மணி அடிக்கும் வேலை கொடுத்தால் எட்டரைக்கே வந்துவிடுவான்."

கடைசி வரி பாடத்தைப் பற்றியதில்லை, ஆனால் அடுத்த ஆசிரியருக்கு முதலில் வேண்டியது அதுதான். வீட்டில் யாரிடம் பேசினால் வேலை நடக்கும், யார் போனை எடுப்பார்கள், எந்த மாதம் குடும்பத்தோடு வெளியூர் வேலைக்குப் போகிறார்கள் என்பதையும் ஒரு வரியில் குறித்துவிடுவேன்.

எழுதக் கூடாதது ஒன்று உண்டு. ஒரு பிள்ளையைப் பற்றி "அடங்காதவன்" என்று ஒருவர் எனக்கு வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவன் செய்த எல்லாவற்றையும் பார்த்தேன். அவன் பென்சிலைக் கூர்மையாக்க எழுந்து போனாலும் எனக்கு அது அடங்காமையாகத் தெரிந்தது. அப்புறம்தான் புரிந்தது, அவன் கணக்கை எல்லோருக்கும் முன்னால் முடித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாமல் எழுந்திருக்கிறான். பட்டம் எழுதாதீர்கள், நடந்ததை எழுதுங்கள். அந்த நோட்டு பிள்ளைகள் கைக்கோ மற்ற பெற்றோர் கைக்கோ போகாமல் பூட்டிய பீரோவில் இருக்கட்டும்.

குழுப்படத்தைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். ஒரு வருடம் அப்படி வைத்தேன். இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, புதுப்பாவாடை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு வாரமாக அதையே பேசிக்கொண்டிருந்தவள், முந்தின நாள் இரவு குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டாள். திரும்பி வரவே இல்லை, அங்கேயே சேர்த்துவிட்டார்கள். படத்தில் அவள் நிற்க வேண்டிய இடத்தில் பக்கத்துப் பிள்ளை கொஞ்சம் தள்ளி, இடம் விட்டு நிற்கிறது. நாங்கள் யாரும் அப்படி நிற்கச் சொல்லவில்லை. இப்போது மார்ச் முதல் வெள்ளிக்கிழமை படம். அன்றே சேமியா பாயசமும். வெல்லத்துக்கும் சேமியாவுக்கும் சாரும் நானும் பணம் போடுவோம், சத்துணவு அமைப்பாளர் அக்கா சிரித்துக்கொண்டே காய்ச்சிக் கொடுப்பார். ஏலக்காய் மட்டும் அவர் வீட்டிலிருந்து.

ஐந்தாம் வகுப்பை அனுப்பிவைப்பது தனி வேலை. பக்கத்து நடுநிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டர். பெரியவர்களுக்கு அது ஒரு தூரமில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு அது வேறு நாடு. போன ஆண்டு ஏழு பேரையும் மார்ச் கடைசியில் ஒரு காலை நேரம் அங்கே கூட்டிப்போனேன். அங்குள்ள தலைமையாசிரியரிடம் முன்பே பேசிவைத்திருந்தேன். எங்கள் பழைய மாணவி, இப்போது ஏழாம் வகுப்பு, அவள்தான் சுற்றிக் காட்டினாள். நான் ஆய்வகம், நூலகம் என்று காட்டலாம் என்று நினைத்துப் போனேன். ஒரு பையன் கேட்டது, "இங்க அடிப்பாங்களாக்கா?" ஒரு பெண் என் காதோடு வந்து கேட்டது, "கக்கூசுக்கு உள்பக்கம் தாப்பா இருக்கா டீச்சர்?" போய்ப் பார்த்தோம். இரண்டில் ஒன்றுக்கு இருந்தது. அங்குள்ள தலைமையாசிரியரிடம் சொன்னேன், அடுத்த வாரமே மற்றதற்கும் போட்டுவிட்டார். இதைக் கேட்காமல் விட்டிருந்தால் அந்தப் பெண் ஆறாம் வகுப்பில் தினமும் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பாள்.

டி.சி. கொடுத்ததோடு நம் வேலை முடிந்ததென்று விட்டுவிட முடியாது. எமிஸில் நாம் விடுவித்த பிள்ளை காமன் பூல் என்ற பொதுப் பட்டியலில் போய் நிற்கும். அடுத்த பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும் வரை அந்தப் பிள்ளை எந்தப் பள்ளியிலும் இல்லை. ஜூன் மூன்றாவது வாரத்தில் எல்லோரையும் எடுத்துவிட்டார்களா என்று பார்ப்பேன். ஒரு வருடம் ஒரு பெயர் ஜூலை வரை நகரவே இல்லை. வீட்டுக்குப் போனால் அவள் இடுப்பில் தம்பி. அம்மா வேலைக்குப் போய்விட்டார், பார்த்துக்கொள்ள ஆளில்லை. அங்கன்வாடி ஊழியரையும் அழைத்துக்கொண்டு இரண்டு முறை போனோம். தம்பி அங்கன்வாடிக்கு, அக்கா ஆறாம் வகுப்புக்கு. நல்ல வேளை, ஊரில் அங்கன்வாடி இருந்தது.

வகுப்பறையைக் கட்டிவைப்பதில் நான் கற்றது பெரும்பாலும் எலியிடமிருந்து. வாசிப்பு அட்டைகளை மைதாப் பசை காய்ச்சி ஒட்டியிருந்தேன். ஜூனில் திறந்தபோது எழுத்துகள் இல்லை, பசை இருந்த இடமெல்லாம் ஓட்டை. அன்றிலிருந்து ஃபெவிகால்தான், அட்டைகளையும் மூடி இறுக்கமான தகர டப்பாவில் போட்டு பீரோவுக்குள் வைத்துவிடுவேன். மர அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் கரையான் சுவர் வழியே ஏறிவிடும். செங்கல் மேல் ஏற்றி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். அட்டைகளைச் சுவரில் டேப் போட்டு ஒட்டாமல் கயிறு கட்டித் துணி கிளிப்பில் மாட்டினால் கழற்ற ஐந்து நிமிடம் போதும், சுண்ணாம்பும் உரியாது. சுண்ணாம்புக்கட்டிப் பெட்டி, அந்துருண்டை, தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்தல் எல்லாம் வழக்கம்போல். செடிகளுக்கு மே மாதம் தண்ணீர் ஊற்ற மூன்று பிள்ளைகளை நியமித்தேன். ஊற்றினார்கள். ஆனால் வாசலைச் சாத்தச் சொல்ல மறந்துவிட்டேன். முருங்கையை ஆடு முடித்துவிட்டது.

கடைசியாக விடுமுறை. முன்பெல்லாம் கோடை வீட்டுப்பாடம் கொடுப்பேன், பத்துப் பக்கம் கையெழுத்து, வாய்ப்பாடு. ஜூன் முதல் நாள் காலையில் எல்லாப் பக்கத்தையும் அக்கா எழுதிக் கொடுத்திருப்பாள். அதை விட்டுவிட்டேன். இப்போது பள்ளி நூலகப் புத்தகங்களையும் வாசிப்பு இயக்கத்தின் சின்னப் புத்தகங்களையும் ஆளுக்கு இரண்டு வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறேன். முதல் முறை செய்தபோது தலைமையாசிரியர் பயந்தார். "தணிக்கைல கேட்டா என்னம்மா சொல்றது?" தொலைந்தால் என் பணத்தில் வாங்கி வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு, ஒரு நோட்டில் பிள்ளைகளையே பெயரும் புத்தகமும் எழுதிக் கையெழுத்துப் போடவைத்தேன். 27 பிள்ளைகள், 54 புத்தகங்கள். நான்கு வரவில்லை. பத்து, பதினைந்து என்று எதிர்பார்த்த எனக்கு அது லாபம்தான்.

ஐந்தாவதாக ஒன்றையும் தொலைந்த கணக்கில்தான் வைத்திருந்தேன். மூன்றாம் வகுப்புப் பையன், அவன் குடும்பம் முந்திரிக் காட்டைக் குத்தகைக்கு எடுத்துக் குடிசை போட்டு அங்கேயே தங்குவார்கள். பள்ளி திறந்து இரண்டாவது வாரம்தான் வந்தான். பையிலிருந்து புத்தகத்தை எடுத்தபோதே சுட்ட முந்திரி வாசனை. அட்டை முழுக்கக் கறுப்புக் கட்டைவிரல் தடம், உள்ளே ஒரு கதையின் நான்கு பக்கம் மட்டும் புரட்டிப் புரட்டி மெலிந்து, ஓரம் சுருண்டிருந்தது. படிடா என்றேன். கடகடவென்று படித்தான், ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை. போன வருடம் இரண்டெழுத்துச் சொல்லுக்கே என் முகத்தைப் பார்த்தவன். எனக்குச் சந்தேகம் வந்து அடுத்த கதையைப் புரட்டிக் கொடுத்தேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டான். எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி அரை வரி போய், தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்:

"இத நாங்க படிக்கல டீச்சர். அப்பத்தாவுக்கு அந்தக் கதைதான் புடிக்கும்."